முதல் பக்கத்திலிருந்து

நாளைக் காலை வாய்மொழித் தகுதித் தேர்வு. ஆராய்ச்சி மாணவர்கள் இதில் இரண்டாம் முறையும் தேறாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவளுக்கு இது இரண்டாம் முறை.

நூலகத்தில் ஒரு தலையணைப் புத்தகத்தின் அடிக்குறிப்புகளில் முகத்தைப் புதைத்திருந்தாள். எதிரே வந்து உட்கார்ந்தாள் கூடப் படிப்பவள். அம்மா அப்பா இரண்டு பேரும் பேராசிரியர்கள் என்பதால் துறையே அவளை 'வாரிசு' என்றுதான் கூப்பிடும். முதல் தடவையிலேயே தேறியவள்.

"அடிப்பாவி, இதையெல்லாம் முழுசாவா படிக்கிற?"

"தேர்வுப் பட்டியல்ல இருக்கே."

"இருந்தா? முன்னுரை, முடிவுரை, எழுதினவங்க யாரோட சண்டை போடறாங்கன்னு ஒரு பார்வை, அவ்வளவுதான். மிச்சத்தை ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சுப் படிச்சு, டீ குடிக்கிறப்ப பேசிக்குவோம். உனக்கு யாரும் சொல்லலையா?"

"யாரு சொல்லணும்?"

"எங்க வீட்ல சாப்பிடறப்ப பேச்சே இதான்."

"எங்க வீட்ல சாப்பிடறப்ப பேசினா புரை ஏறும்னு அடி விழும்."

வாரிசு சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை. இத்தனை வருடமும் அத்தனை புத்தகத்தையும் அட்டையிலிருந்து அட்டைவரை மென்று தின்றிருக்கிறாள். போன தடவை, "இந்த ஆசிரியர் சொல்றது சரியா?" என்று தேர்வாளர் கேட்டபோது, அந்த ஆசிரியர் சொன்னதை வரி பிசகாமல் ஒப்பித்தாள். "அது எங்களுக்கும் தெரியும்மா. நீ என்ன நினைக்கிற?" என்றார் அவர். நினைக்க எங்கே நேரம் இருந்தது? கூடப் படிப்பவர்கள் டீ குடிக்கக் கூப்பிட்டபோதெல்லாம் படிக்க வேண்டும் என்று மறுத்தவள் இவள்தான். அவர்கள் வெட்டிக்கதை பேசுவதாக நினைத்திருந்தாள்.

முடிவுரையைப் புரட்டினாள். மூன்று வரி ஓடியது. நடுவில் வந்து உட்கார்ந்த சினிமா மாதிரி ஒன்றும் பிடிபடவில்லை.

போன் அதிர்ந்தது. அப்பா. பஸ் ஓட்டுகிறவர். படிக்கட்டுக்குப் போய் எடுத்தாள்.

"எல்லாம் படிச்சிட்டியாம்மா?"

"கடைசிப் புத்தகம்ப்பா."

"ஒரு வரி விடாம?"

அவர் பழக்கியதுதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து.

"விடாம."

"அப்புறம் எவன் உன்னை ஃபெயிலாக்குவான்? வெறும் வயித்தோட போகாத. வண்டி எடுக்கணும், வைக்கிறேன்."

திரும்பி வந்தபோது வாரிசு போயிருந்தாள். முடிவுரை திறந்தபடி கிடந்தது. இவள் பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளி, படித்து நிறுத்திய அடிக்குறிப்பைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.