நல்லா இருக்கேங்க, டாக்டர்

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காருவேன், எழுவேன், டோக்கனைப் பார்ப்பேன். என் வீட்டுக்காரரோ பக்கத்து ஆளின் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்து, "தையல் சரியில்லையே" என்று நியாயம் பேசிக்கொண்டிருந்தார்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு வேன்காரன் கண்மண் தெரியாமல் திரும்பி இவர் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளினான். வலது மணிக்கட்டு நொறுங்கி, நரம்பும் போயிற்று. இருபத்திரண்டு வருஷம் தையல் கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். இப்போது கத்தரிக்கோலை எடுத்தால் நழுவி விழுகிறது. ஆனாலும் யார் கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்பார். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோதும் அதையே சொல்லித் தொலைத்தார். டிஸ்சார்ஜ் சீட்டில் அப்படியே எழுதி வைத்துவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்தச் சீட்டைத்தான் கோர்ட்டில் ஆட்டிக் காட்டினார்.

"கை எவ்வளவு செயலிழந்திருக்குன்னு மூணு டாக்டர் பார்த்து சதவீதம் போடுவாங்க. நஷ்டஈடு அதை வச்சுத்தான்," என்று எங்கள் வக்கீலம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "முடியாததை முடியலைன்னு சொல்லுங்க. இது பிச்சை இல்ல, உங்க உரிமை."

"ஞாபகம் இருக்கா?" என்று இவரை இடித்தேன்.

"இருக்கு, இருக்கு. நீ முதல்ல உட்காரு."

கூப்பிட்டார்கள். உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். பெரியவர் நிமிர்ந்து, "எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கேங்க, டாக்டர்!"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. விரலை மடக்கச் சொன்னார்கள். மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு பாதி மடக்கிவிட்டார். வலிக்கிறதா என்றால், "அப்படியொண்ணும் இல்லீங்க."

"சட்டை பட்டன் யாரு போட்டுவிட்டது?"

"நானேதாங்க."

பச்சைப் பொய்! காலையில் போட்டுவிட்டது நான். டாக்டரின் பேனா தாளுக்குப் போனது. பாய்ந்து போய் இவர் சட்டைப் பட்டன்களை மளமளவென்று கழற்றினேன்.

"ஏய், என்ன பண்றே?"

"போட்டுக் காட்டுங்க. இவங்க முன்னாடி போட்டுக் காட்டுங்க."

இடது கையைக் கொண்டுவந்தார்.

"வலது கையால," என்றேன்.

அவரே வெட்டி, அவரே தைத்த சட்டை அது. விரல்கள் பட்டனைத் தேடின, பிடித்தன, விட்டன. திரும்பத் திரும்ப. முகம் காது மடல் வரை சிவந்துவிட்டது.

"போதும்," என்று சொல்லிவிட்டு டாக்டர் நீளமாக ஏதோ எழுதினார்.

வெளியே வந்ததும் பட்டனில் கை வைத்தேன். தட்டிவிட்டார்.

"நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டே."

"ஆமா, வாங்கினேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

திறந்த சட்டையோடு விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னால் ஓடினேன். வாசலில் கடையின் பழைய வாடிக்கையாளர் ஒருவர் எதிரே வந்தார்.

"என்ன மாஸ்டர், எப்படி இருக்கீங்க?"

இவர் நின்றார். கையைப் பார்த்துக்கொண்டார்.

"நல்லா இல்லீங்க. இனிமே கத்தரி பிடிக்க முடியாது."

எட்டு மாதமாக அந்த வார்த்தையைத்தான் அவர் வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தேன். கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொய்யாகவாவது பழைய பதிலையே சொல்லியிருக்கக் கூடாதா என்றிருந்தது.