ஒன்றாம் வகுப்புச் சன்னலோரம் ஓடும் எஞ்சின்

1

4-7-1957, வியாழன். டைரியின் நேற்றைய பக்கத்தில் ஒரு சிறு தவறு. “ஓட்டுநர் அப்பாசாமி எஞ்சினை அணைக்க மறுத்துவிட்டார்” என்று எழுதியிருக்கிறேன். மறுத்தது அவரல்ல, கண்டக்டர். கண்டக்டர் நான்தான். அந்த ஒரு வரியைத் திருத்தப் போய்த்தான், வாசகரே, இந்தக் கதை தொடங்கியது.

தன்னைப் பற்றி எழுதக் கூச்சமாக இருந்தால் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று, கதை எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் சொன்னார்கள். ஆகவே இனி கண்டக்டரின் பெயர் கருணாகரன். அவனைத் திட்டுவது எனக்குச் சுலபம்.

2

முதல் தொடக்கம்: “மலாயாவின் சுதந்திரத்துக்கு எட்டே வாரம் இருந்த ஒரு காலையில், காஜா பேராங்கின் வானம் –”

(வானத்தை யார் பார்த்தது? அந்த நேரத்தில் கருணாகரன் டிக்கெட் கட்டைத் தேடிக்கொண்டிருப்பான்.)

இரண்டாம் தொடக்கம்: காலை ஏழேகால். காஜா பேராங் சாலையில் ஒரு தமிழ்ப் பள்ளி. அதன் ஒன்றாம் வகுப்புச் சன்னலை ஒட்டி ஒரு பஸ் வந்து நிற்கும். ஏழரைக்குத்தான் புறப்படும். அதுவரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். புகை, பள்ளியில் பேர் பதியாத பிள்ளை மாதிரி, நேரே வகுப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

(தள்ளி நிறுத்தலாமே என்பீர்கள். பஸ் நிற்கும் இடமென்று பலகை நட்டிருப்பது அங்கேதான்.)

அணைத்தால் என்ன? பேட்டரி செத்துப்போன பஸ் அது. அணைத்தால், முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிக் கண்டக்டர்தான் சுற்ற வேண்டும். ஒருமுறை அது திருப்பி அடித்துக் கருணாகரனின் மணிக்கட்டு வீங்கியது. ஆகவே அவன் –

இல்லை. வீக்கம் மூன்றே நாளில் வடிந்துவிட்டது. உண்மைக் காரணம் வேறு. அவன் சுற்றச் சுற்ற, பள்ளிப் பிள்ளைகள் வேலியோரம் வரிசையாக நின்று சத்தம் போட்டு எண்ணினார்கள். பதினேழில்தான் எஞ்சின் கிளம்பியது.

3

ஒன்றாம் வகுப்புச் சிவகாமசுந்தரி டீச்சர் மேல் எனக்கு ஒரு சந்தேகம்: இவ்வளவு நல்லவர் கதைக்கு ஆவாரா? புகை வந்ததும் சன்னல்களைச் சாத்தினார். நாற்றம் போகவில்லை. வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனைக்கு மட்டும் போடும் சாம்பிராணியைத் தினமும் போட ஆரம்பித்தார். சாத்திய அறை, நாற்பத்தொரு பிள்ளைகள், பஸ் புகை, அதன் மேல் சாம்பிராணிப் புகை.

(நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். பிறகு, பசாரிலிருந்து அந்தச் சாம்பிராணியை, பரிகாரம் போல, வாங்கி வந்து கொடுத்தவன் கருணாகரன்தான் என்பது ஞாபகம் வந்தது.)

பஸ் படிக்கட்டில் நின்றபடி அவன் இருமல்களை எண்ணிப் பார்த்திருக்கிறான். திங்கள் பத்தொன்பது, செவ்வாய் இருபத்தாறு, புதன் முப்பத்தொன்று. பாதிக்குப் பாதி உமையாளுடையது. உமையாளுக்கு ஆறு வயது. மூச்சு இழுப்பு உண்டு.

4

புதன்கிழமை உமையாளின் அம்மா ருக்மணி, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்றார்.

“டீச்சர், வெள்ளிக்கிழமையும் இவளுக்கு இழுத்துச்சுன்னா திங்கள்லேருந்து அனுப்ப மாட்டேன். போன வருசம் ஆஸ்பத்திரியில நாலு நாள் கெடந்தவ.”

“இப்பத்தான்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிறா. நிறுத்திடாதீங்க.”

“மூச்சு விட்டாத்தானே டீச்சர் எழுத்துக் கூட்டுவா?”

பஸ்ஸிலிருந்து அப்பாசாமி தலையை நீட்டினார். “டேய் கருணா, அணைச்சிடவா?”

“வேணாண்ணே, கை வலிக்குது.”

“கையா வலிக்குது? பிள்ளைங்க எண்ணுறதுதான்டா வலிக்குது உனக்கு!”

“பதினேழு!” என்று கூவினாள் உமையாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் இழுப்பாகியது. ருக்மணி குனிந்து அவள் முதுகைத் தடவினார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் – கருணாகரன் – பதில் சொல்லியிருப்பான்.

இன்று காலை அவன் சன்னலைத் தட்டினான். எஞ்சின் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“டீச்சர், சாம்பிராணி வேணாம். சன்னலத் தொறந்து வைங்க.”

“நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க?”

“அது தப்பு டீச்சர். எங்க பஸ்ஸும் தப்பு. நாளையிலேருந்து அணைச்சிடுறோம்.”

“ஏன், இன்னைக்கு என்னவாம்?”

அவன் பஸ்ஸில் ஏறி மணியடித்தான். நானும்தான்.

5

முடிவு ஒன்று: முதல் சுற்றிலேயே எஞ்சின் கிளம்புகிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். (படக்கொட்டகையில்தான் நடக்கும்.)

முடிவு இரண்டு: முப்பது வரை எண்ணுகிறார்கள், பஸ் தாமதம், கம்பெனியில் ஏச்சு. ஆனால் திங்கட்கிழமையும் உமையாள் வருகிறாள்.

முடிவு மூன்று: புகை நின்ற பிறகும் அவளுக்கு இழுக்கிறது. அப்போது –

இதை முடிக்க முடியவில்லை. நான்கு முறை எழுதி அடித்தேன். உங்களுக்குத் துணிவிருந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் வெள்ளிக்கிழமை விடியவில்லை.

நாளைய வேலை: ஆறரைக்கு ஹேண்டிலுக்கு எண்ணெய் போட வேண்டும். மணிக்கட்டில் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். ஏழேகாலுக்குப் பஸ் நின்றதும், அப்பாசாமி அண்ணன் கேட்பதற்கு முன்பே, எஞ்சினை அணைக்கச் சொல்ல வேண்டும்.