சாவியும் வெள்ளைக் கோட்டும்

பிரேயர் முடிந்த கையோடு பிள்ளைகள் சிக் ரூம் வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். வயிற்றுவலி, தலைவலி, கணக்குப் பரீட்சை எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. முனீஸ்வரி கதவில் சாய்ந்தபடி ஒவ்வொரு நெற்றியிலும் புறங்கையை வைத்துப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, நகத்தால் பாதியாக உடைத்து, வாயில் போட்டுவிட்டு, "முழுங்கு, ஓடு" என்றாள். பிள்ளைகள் முழுங்கினார்கள், ஓடினார்கள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் தெர்மாமீட்டரோடு ஷெரின் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒரு பிள்ளையும் வந்து சேரவில்லை.

"அக்கா, காய்ச்சல் இருக்கான்னு பாக்காம மாத்திரை குடுக்காதீங்கன்னு நேத்தே சொன்னேன்."

"இந்தா பாரு பாப்பா, நீ அந்தக் குச்சிய வச்சு எடுக்கிறதுக்குள்ள நான் வரிசையையே காலி பண்ணிருவேன். டீச்சர்மாருக்கு வேண்டியது அதுதான். நீ படிச்சது பெரிய ஆஸ்பத்திரிக்கு. இது பள்ளிக்கூடம்."

பரவையைத் தாண்டி, திண்டுக்கல் சாலையில் இருந்த அந்தப் பள்ளிக்கு ஷெரின் ஜூன் மாதம்தான் வந்தாள். பதிவு செய்த நர்ஸ் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்று ஆய்வுக்கு வந்தவர்கள் சொல்லிவிட்டதால் அவளை எடுத்திருந்தார்கள். வந்த அன்றே அவளுடைய சான்றிதழை வாங்கி, நகலெடுத்து, கண்ணாடி போட்டு சிக் ரூம் சுவரில் மாட்டினார்கள். மருந்து அலமாரியின் சாவி மட்டும் முனீஸ்வரியின் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

முனீஸ்வரி இங்கே ஆயா. முன்பு திருப்பரங்குன்றத்தில் ஒரு கிளினிக்கில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கூட்டம் தாங்காத டாக்டர் ஒருநாள் அவள் கையில் ஊசியைக் கொடுத்துப் போடச் சொன்னார். கை நடுங்கவில்லை. அதுதான் அவள் படித்த படிப்பு. இந்தப் பள்ளியில் சேர்ந்தபிறகு, ஒரு அட்மிஷன் சமயத்தில் நிர்வாக அலுவலர் கிருபாகரன் அவளுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்டு ஒரு போட்டோ எடுத்தார். 'முழுநேர மருத்துவ வசதி' என்ற எழுத்துக்குக் கீழே, கேட்டுக்குப் பக்கத்து ஃப்ளெக்ஸில் அவள் இன்றும் சிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு அன்றிலிருந்து அவள் நர்ஸம்மா. சம்பளக் கவரில் மட்டும் ஆயா.

சாவியைத் தன்னிடம் தரும்படி ஷெரின் கிருபாகரனிடம் போய்க் கேட்டுப் பார்த்துவிட்டாள். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போங்கம்மா. அந்தம்மா வந்ததுல இருந்து எனக்கு ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்ததில்ல. நீங்க இன்னும் நிரந்தரம் ஆகல, ஞாபகம் வச்சுக்கங்க" என்றார் அவர். ஆரப்பாளையத்தில் ஷெரின் இருந்த வாடகை வீடு இப்போது அவள் சம்பளத்தில்தான் ஓடியது. கணவன் ஆலன் வேலை பார்த்த ஒர்க்ஷாப்பை மூடிவிட்டார்கள். ஷெரின் பேசாமல் திரும்பி வந்தாள்.

ஆனால் எட்டாம் வகுப்பு ரம்யாஸ்ரீயின் விஷயத்தில் அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயதிலிருந்து சர்க்கரை நோய். மதியச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். அம்மா கனகலட்சுமி சுங்குடிப் புடவை மொத்த வியாபாரம் செய்பவள். ஊசிப் பேனாவோடு ஒரு பாக்கெட் ஆரஞ்சு மிட்டாயையும் மேசையில் வைத்துச் சொன்னாள்: "ஓடியாடினா இவளுக்கு சர்க்கரை சர்ருனு இறங்கிரும் சிஸ்டர். கை நடுங்கும், வேர்க்கும். அப்ப மிட்டாய் உடனே வாயில போயிரணும். அவ பையில எப்பவும் கிடக்கும். யாரும் எடுத்துரக் கூடாது."

ஷெரின் இதை முனீஸ்வரியிடம் ஒப்பித்தபோது அவள் சிரித்துவிட்டாள். "சுகரைப் பத்தி எனக்கா? என் வீட்டுக்காரர் கால் பெருவிரலையே சுகருக்குத்தான் குடுத்தாரு. புண்ணைக் கழுவிக் கட்டினது இந்தக் கைதான். காப்பியில அரைக் கரண்டி சீனிக்கு அவர் எம்புட்டு கெஞ்சுவாருன்னு எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளை பையில மிட்டாயாம்ல."

"பெரியவங்களுக்கு வர்றது வேற, இது வேறக்கா."

"எல்லாம் ஒரே சுகர்தான், போ பாப்பா."

ஆண்டு விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை நடந்த நாள் அது. அன்றைக்கு அட்மிஷன் கேட்டுப் பெற்றோர்கள் வந்திருந்தார்கள். கிருபாகரன் ஷெரினைக் கூப்பிட்டுத் தன் அறையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். "இவங்கதான் எங்க நர்ஸ். ஆஸ்பத்திரி அனுபவம். சுவர்ல சர்ட்டிபிகேட் இருக்கு, வேணும்னா பாக்கலாம்." வந்தவர்கள் அவளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஜவுளிக்கடைப் பொம்மையாய் அவளும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்ரீவர்ஷினி வந்தாள். ரம்யாவின் தோழி. ஓடிவந்ததில் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது.

"மிஸ், ரம்யா மிட்டாய நர்ஸம்மா பிடுங்கிட்டாங்க. அவளுக்குப் பேச்சு குழறுது மிஸ்."

"இங்க பேரன்ட்ஸ் இருக்காங்க..." என்று கிருபாகரன் ஆரம்பித்தபோது ஷெரின் வராந்தாவில் பாதி தூரம் ஓடியிருந்தாள்.

சிக் ரூம் கட்டிலில் ரம்யாஸ்ரீ சுருண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை வெடவெடத்தது. முனீஸ்வரி அவளுடைய தோளை ஒரு கையால் அணைத்துப் பிடித்து, மறுகையில் இன்சுலின் பேனாவைத் தயாராக வைத்திருந்தாள். ஊசியின் மூடி கழற்றியாகிவிட்டது.

"நிறுத்துங்கக்கா."

"மிட்டாய வாயில அடக்கிக்கிட்டிருந்தா பாப்பா. நல்ல வேளை பாத்தேன். ஊசி போட்டா இறங்கிரும்."

"ஏற்கெனவே இறங்கிக் கிடக்கு. பேனாவக் குடுங்க."

முனீஸ்வரி கொடுக்கவில்லை. ஷெரின் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாள். பேனா தரையில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அடுத்து அவள் கை முனீஸ்வரியின் கோட்டுப் பைக்குள் நுழைந்தது. மாத்திரை அட்டைகளுக்கு நடுவே கையில் அகப்பட்ட மிட்டாய்களை அள்ளினாள். தாளைப் பல்லால் கிழித்தாள்.

"சுகர் பிள்ளைக்கு இனிப்பா? கொல்லப் பாக்கிறியா?" முனீஸ்வரி குறுக்கே வந்தாள்.

"தள்ளுங்க. ரம்யா, என்னைப் பாரு. கடிச்சு முழுங்கு. இன்னொன்னு. கடி."

பிள்ளை மென்றாள். எச்சில் ஆரஞ்சு நிறத்தில் வழிந்தது. ஷெரின் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் மெஷினில் வைத்தாள். நாற்பத்தொன்று. அதை முனீஸ்வரியின் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு முந்நூறு, நானூறுன்னு ஏறும்ல? இவளுக்கு இப்ப நாப்பத்தொன்னு. இதுல நீங்க அந்த ஊசியையும் போட்டிருந்தா, இவ அம்மாவுக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்?"

முனீஸ்வரி அந்த எண்ணையே பார்த்தாள். பிறகு சுவரில் முதுகு தேய அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ரம்யாஸ்ரீயின் நடுக்கம் அடங்கியது. மெஷின் எண்பதைத் தாண்டியபோது அவள் தெளிவாகக் கேட்ட முதல் கேள்வி, "மிஸ், ரிலேல இருந்து என்னைய எடுத்துட்டாங்களா?"

கனகலட்சுமி வருவதற்குள் கிருபாகரன் ஷெரினைத் தனியாக அழைத்தார். வெள்ளைத்தாள் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஆயா தன்னிச்சையா செஞ்சான்னு எழுதிக் குடுத்துருங்க. இன்னைக்கே அனுப்பிர்றோம். நீங்க கேட்ட சாவி உங்களுக்கு. நிரந்தரமும் பண்ணிரலாம்."

அவள் இத்தனை நாள் கேட்டதெல்லாம் அந்தத் தாளுக்கு அந்தப் பக்கம் இருந்தது. வாடகை தேதி நினைவுக்கு வந்தது. பேனாவைக் கையில் எடுக்கவும் செய்தாள். அந்தக் கோட்டை வாங்கிக் கொடுத்தது யார் என்ற கேள்விதான் எழுத விடவில்லை.

"பேரன்ட் வரட்டும் சார்" என்று பேனாவைக் கீழே வைத்தாள்.

கனகலட்சுமி அழவில்லை. மகளைத் தொட்டுப் பார்த்து, தங்கள் சௌராஷ்ட்ர மொழியில் ரெண்டு வார்த்தை கேட்டு, மகள் சிரித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கிருபாகரனுக்கு எதிரே உட்கார்ந்தாள். வாசலில் முனீஸ்வரி நின்றாள். கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"மேடம், அந்தம்மா வெறும் ஆயா. கூட்டிப் பெருக்கத்தான் வச்சிருக்கோம். மருந்தைத் தொடுன்னு யாரும் சொல்லல. இனிமே அவங்க இங்க இருக்க மாட்டாங்க" என்றார் கிருபாகரன்.

"அதுக்குள்ள மாத்திப் பேசுறீங்களே சார்." முனீஸ்வரி உள்ளே வந்தாள். "இப்பத்தான் ஸ்டோர் ரூம்ல கூப்பிட்டு என்ன சொன்னீங்க? புது நர்ஸ் சொல்லித்தான் ஊசி எடுத்தேன்னு சொல்லு, உன் வேலை நிக்கும்னு சொன்னீங்கள்ல?"

ஷெரின் கிருபாகரனைப் பார்த்தாள். அவர் மேசைமேலிருந்த வெள்ளைத்தாளை மெல்லக் கவிழ்த்துவைத்தார்.

"நான் தப்புப் பண்ணுனேன்மா" என்று முனீஸ்வரி கனகலட்சுமியிடம் சொன்னாள். "என் வீட்டுக்காரரை வச்சு உங்க பிள்ளையப் பாத்துட்டேன். அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சு சொன்னுச்சு, நான் கேக்கல. அதுமேல பழியப் போட்டுட்டு இந்தச் சோத்தைத் திங்க மாட்டேன். ஆனா இந்தக் கோட்டை நானாத் தச்சுக்கல. சாவியவும் நானாத் திருடல."

கோட்டை மேசைமேல் வைத்தாள். அதன்மேல் சாவியை வைத்தாள்.

ஷெரின் கனகலட்சுமியின் பக்கம் திரும்பினாள். "என்கிட்டயும் ஒன்னு எழுதிக் கேட்டாரு மேடம். அக்கா தன்னிச்சையா செஞ்சாங்கன்னு. நான் எழுதல. எழுதவும் மாட்டேன்."

கனகலட்சுமி கோட்டைப் பார்த்தாள், கிருபாகரனைப் பார்த்தாள். "தினமும் கேட்டுல அந்தப் படத்தைப் பாத்துட்டுத்தான் பிள்ளைய விட்டுட்டுப் போறேன் சார். கூட்ட வச்ச ஆளுக்கு எதுக்குக் கழுத்துல ஸ்டெதாஸ்கோப்?" கைப்பேசியை எடுத்து மேசையில் வைத்தாள். "ஸ்கூல் அம்மாமாருங்க அம்புட்டுப் பேரும் இந்த வாட்ஸ்அப் குரூப்ல இருக்காங்க. நான் புடவை போட்டோ போட்டாலே ராத்திரிக்குள்ள வித்துரும். அந்த ஃப்ளெக்ஸ் போட்டோவைப் போட்டு, இது யாருன்னு மட்டும் கேக்கட்டுமா?"

"மேடம், பேசித் தீத்துக்கலாம்."

"அப்ப சிஸ்டர்கிட்ட பேசுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதுதான்."

ஷெரின் எழுந்து நின்றாள். நின்று பேசினால்தான் வரும் என்று தோன்றியது. "சாவி என்கிட்ட இருக்கும். பிள்ளைகளுக்கு மருந்து, ஊசி நான்தான் குடுப்பேன். அட்மிஷனுக்கு வர்றவங்களுக்குக் காட்சிப்பொருளா உக்கார மாட்டேன். அப்புறம், அக்கா எங்கயும் போக மாட்டாங்க. சிக் ரூம்ல என்கூட இருப்பாங்க. எந்தப் பிள்ளை நெசமா நோகுது, எது பரீட்சைக்குப் பயந்து வருதுன்னு மூஞ்சியப் பாத்தே சொல்லுவாங்க. எனக்கு அது வேணும்."

"அவங்களை அனுப்பினா?"

"நானும் போறேன் சார். சுவர்ல மாட்டினதையும் கழட்டிட்டுப் போறேன்."

கிருபாகரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். சாவியை ஷெரின் பக்கம் நகர்த்தினார்.

வெளியே வந்ததும் முனீஸ்வரி கேட்டாள்: "என்னைய எதுக்கு சிஸ்டர் நிறுத்தி வச்சீங்க?"

அவள் வாயிலிருந்து பாப்பா போய் சிஸ்டர் வந்ததை ஷெரின் கவனித்தாள். "பாக்கிறது நீங்க, குடுக்கிறது நான். சரியா?"

"மாத்திரையப் பாதியா உடைக்கக்கூட விட மாட்டீங்களா?"

"விட மாட்டேன்."

"வேலைக்கு நல்லாத்தான் ஆளு பிடிச்சிருக்கீங்க."

விளையாட்டு விழாவன்று மைதானத்தில் வெயில் கொளுத்தியது. முதலுதவிக்கென்று ஓரமாக நாலு கம்பு நட்டு, ஃப்ளெக்ஸ் விரித்துக் கட்டிய நிழல். ரிலேயின் கடைசி ஓட்டம் ரம்யாஸ்ரீக்கு. ஓடும் முன்பே ஷெரின் ரத்தம் சோதித்து, பிஸ்கட் கொடுத்து அனுப்பியிருந்தாள். ரிலே குச்சி கைக்கு வரும்போது அவளுக்கு முன்னால் இருவர் இருந்தார்கள். ஒருத்தியை வளைவில் தாண்டினாள். முனீஸ்வரி கயிற்றுக்கு வெளியே மிட்டாய் டப்பாவைக் கிலுக்கிக்கொண்டே கூட ஓடினாள். "ஏ ரம்யா, விடாத, அந்தா அவ மூச்சு வாங்குறா பாரு, விடாத." முடிவுக் கோட்டில் நெஞ்சைக் கொடுத்து ரம்யாஸ்ரீ முதலாவதாக விழுந்தாள். கனகலட்சுமி செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஓடிவந்தாள்.

"சிஸ்டர், கை லேசா நடுங்குது. உதடு வெளுத்திருக்கு. வந்து பாருங்க" என்று முனீஸ்வரிதான் முதலில் குரல் கொடுத்தாள். டப்பாவைத் திறக்காமல் நீட்டினாள். ஷெரின் பார்த்தாள், மிட்டாயைக் கொடுத்தாள். அவள் கழுத்தில் தொங்கிய பட்டையில் சாவி ஆடியது.

மேடையில் கிருபாகரன் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் உடல்நலத்துக்காக நிர்வாகம் எடுத்திருக்கும் புதிய நடவடிக்கைகளைச் சொன்னார். பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

நிழலுக்குள் முனீஸ்வரி காலை நீட்டி உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். நீல ஆயாச் சேலை வியர்வையில் நனைந்திருந்தது. தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தாள். கேட்டிலிருந்து கழற்றிய ஃப்ளெக்ஸ்தான் அது. மைதானத்தில் இருப்பவர்களுக்கு வெறும் வெள்ளை தெரிய, படம் உள்பக்கமாக இருக்கும்படி கட்டச் சொல்லியிருந்தார்கள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு, வெள்ளைக் கோட்டில், படத்திலிருந்து அவளே அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.