காது மூர்த்தியின் பலகை

நல்ல ட்வீட்டரைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. கிரிகரி கெட்டதைத் தேடி அலைந்தார். மோட்டார் காடிகளில் சலங்கை, தாளம் மாதிரி உச்சச் சத்தங்களை மட்டும் பாடும் குட்டி ஸ்பீக்கர் அது. முழுக்கச் செத்தது அவருக்கு வேண்டாம். அதை எந்தக் கடைக்காரனும் தொட்ட உடனேயே தூக்கிப் போட்டுவிடுவான். மாட்டியதும் நன்றாகப் பாட வேண்டும், சூடேறியதும் மூச்சு நின்றுபோக வேண்டும். அப்படி ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலேற்றி அனுப்பும் பழைய காடிகள் கிள்ளானைச் சுற்றியுள்ள கொட்டகைகளில் வந்து குவியும். ஹாஃப்-கட் என்பார்கள். இஞ்சினுக்காகத்தான் ஆட்கள் வருவார்கள். டாஷ்போர்டோடு ஒட்டிக்கொண்டு வந்த ஸ்பீக்கர்கள் ஒரு கூடையில் கிடக்கும். அந்தக் கூடைகளை அவர் வாரக்கணக்கில் கிளறினார். கிடைத்ததெல்லாம் ஒன்று நல்லதாக இருந்தது, அல்லது செத்திருந்தது. கடைசியில் அழகான ஒரு ஜோடியை வாங்கி, பிரிக்பீல்ட்ஸில் தம் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து, தாமே கெடுத்தார்.

கெடுப்பதும் ஒரு வேலைதான். ரயில்வே சிக்னல் பகுதியில் காலமெல்லாம் ஈயம் பற்றவைத்த கை அது. எந்த இடத்தில் ஒரு மயிரிழை விரிசல் விட்டால் கம்பி குளிரில் ஒட்டிக்கொண்டும் சூட்டில் விலகியும் நிற்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். வேலை முடிந்ததும் ரேடியோவில் மாட்டிப் பார்த்தார். தாளத்தட்டு கிணுகிணுத்தது. சலங்கை உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டும் மறைந்து, பெரிய ஸ்பீக்கரில் குரலும் மத்தளமும் மட்டும் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்டன. கிரிகரி அன்று வயிறு நிறையச் சாப்பிட்டார்.

கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருந்த விநாயகமூர்த்திக்காகத்தான் இத்தனையும். பழைய காடி ஸ்பீக்கர் வாங்கி விற்கிறவன். அவன் கடைச் சுவரில் ஒரு பெரிய பலகை இருந்தது. அதில் வரிசையாக ட்வீட்டர்கள், கீழே ஒரு பெரிய ஸ்பீக்கர், பக்கத்தில் சுவிட்சுகள். ஒரே பாட்டை ஓடவிட்டு இதற்கும் அதற்கும் மாற்றி மாற்றித் தட்டி, கண்ணை மூடிக்கொண்டு, “இது கண்ணாடி, இது பட்டு” என்று தீர்ப்புச் சொல்லுவான். ஜெஞ்சாரோமிலிருந்தும் பெட்டாலிங் ஜெயாவிலிருந்தும் சனிக்கிழமைகளில் அந்தத் தீர்ப்புக்காக ஆட்கள் வருவார்கள். காது மூர்த்தி என்று அவனுக்குப் பெயர்.

அவனுடைய காடிதான் கிரிகரியின் மனைவி சாந்தமேரியை மூன்று வருடத்துக்கு முன்பு அடித்துக் கொன்றது.

சாந்தமேரி கான்வென்ட் பள்ளியில் தையல் கற்றுக்கொடுத்தவர். சைக்கிளில்தான் போவார். கோழி குறுக்கே வந்தாலும் மணி, நாய் படுத்திருந்தாலும் மணி, ஆளில்லாமல் நிற்கும் லோரிக்கும் மணி. “அந்த லோரி என்ன, எழுந்து வழி விடுமா?” என்று கிரிகரி கேலி செய்வார். “லோரிக்குப் பின்னால யாரு இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?” என்பார் அவர். ஒரு காலையில் அப்படி நின்ற லோரி ஒன்றைச் சுற்றிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது மூர்த்தியின் காடி சந்துக்குள் திரும்பியது.

எதிரில் இடியப்பம் விற்றுக்கொண்டிருந்த நேசம்மா விசாரணையில் சாட்சி சொன்னாள். “மணி அடிச்சிகிட்டேதான் வந்தாங்க ஐயா. விடாம அடிச்சாங்க.”

மூர்த்தி அதற்கு வைத்த பதில்தான் சபையில் நின்றது. “காடி கண்ணாடி ரெண்டும் எறக்கியிருந்தேன் ஐயா. நான் காதால பொழைக்கிறவன். ரெண்டு ட்வீட்டருக்கு நடுவுல இம்மி வித்தியாசம் இருந்தாலும் சொல்லிருவேன். கிள்ளான்ல யாரை வேணாலும் கேளுங்க. மணி அடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்.”

கேட்டவர்கள் தலையசைத்தார்கள். இடியப்பக்காரியின் வாய் எங்கே, காது மூர்த்தியின் காது எங்கே. சைக்கிளில் வந்தவர் மணி அடிக்காமல் திடீரென்று வெளியே வந்ததால் நேர்ந்த விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது கோயில்காரர்கள்கூட, “பாவம், கொஞ்சம் கவனமா வந்திருக்கலாம்” என்றார்கள். சாந்தமேரியைப் பற்றி, கவனமில்லை என்று. இந்த ஒரு சொல்தான் கிரிகரியைத் தின்றது. மூர்த்தியோ விசாரணை முடியும்வரை பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கிரிகரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெரிய பழிக்கு அவரிடம் ஆளும் இல்லை, வழியும் இல்லை. சின்னதாக ஒன்று செய்யலாம். மூர்த்தி தன் வாயால் உசத்தி என்று சொல்லி விற்ற சாமான் வீடு போய்ச் சேர்வதற்குள் சாக வேண்டும். வாங்கியவன் திரும்பி வந்து கடை வாசலில் கத்த வேண்டும். இப்படி நாலு ஜோடி போனால் அந்தப் பெயர் நாறிப் போகும்.

சனிக்கிழமை கிரிகரி போனபோது கடையில் கேரி தீவிலிருந்து வந்திருந்த அய்யாவு என்கிற லோரி ஓட்டுநர், புதிதாக வாங்கிய காடிக்கு ட்வீட்டர் பார்த்துக்கொண்டிருந்தான்.

“விக்கிறதுக்கா அண்ணே?” என்று மூர்த்தி கேட்டான். கிரிகரியை அடையாளம் கண்ட சாயலே அவன் முகத்தில் இல்லை. “குடுங்க, ஏத்திப் பாப்போம்.”

பலகையில் மாட்டினான். பாட்டு ஓடியது. சலங்கை உதிர்ந்தது. அய்யாவு, “ஷோக்கா இருக்கு boss,” என்றான். மூர்த்தி கண்ணை மூடினான். சூடேறுவதற்குள் அவன் சோதனையை முடித்துவிட வேண்டுமே என்பதுதான் கிரிகரியின் கவலை. மூர்த்தி முடிக்கவில்லை. சத்தத்தைக் கூட்டினான். பாட்டின் நடுவில் சலங்கை பட்டென்று நின்றது.

போச்சு, பிடித்துவிட்டான் என்று கிரிகரி நாற்காலியை விட்டு எழுந்தார்.

“பாத்தீங்களா,” என்றான் மூர்த்தி, மூடிய கண்ணைத் திறக்காமல். “இந்த இடம்தான் முக்கியம். ஹை சத்தம் எப்படி ஏறுது பாருங்க. வெள்ளித் தட்டுல மழை விழுற மாதிரி.”

அய்யாவு நெற்றியைச் சுருக்கினான். “கொஞ்சம் மங்கிப்போன மாதிரி இல்ல?”

மூர்த்தி கண்ணைத் திறந்து அய்யாவுவின் முகத்தைப் பார்த்தான். பலகையைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தான். “அது உங்க காது இன்னும் பழகல லா. மலிவு ட்வீட்டர் கத்தும், நல்லது கத்தாது. அடுத்த வாரம் காடியக் கொண்டாங்க, மாட்டித் தரேன்.”

அய்யாவு தன் காதைத்தான் சந்தேகப்பட்டான். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான்.

கிரிகரி வெளியே வந்து ஒட்டுக்கடையில் தேத்தண்ணி சொல்லிவிட்டு, அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அவனுக்குக் கேட்கவில்லை. உயர்ந்த சத்தம் எதுவும் அந்தக் காதில் ஏறவில்லை. இத்தனை காலம் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவிலேயே கிடந்து காது செத்திருக்கிறது. வந்தவன் முகம் மலர்ந்தால் பட்டு, சுருங்கினால் உன் காது பழகவில்லை. இதுதான் தீர்ப்பு.

அப்படியானால் சைக்கிள் மணியும் அவனுக்குக் கேட்டிருக்காது. அவன் பொய் சொல்லவில்லை.

மூன்று வருடமாக ஊட்டி வளர்த்த கோபம் சட்டென்று நிற்க இடமில்லாமல் தடுமாறியது. கேட்காதவனை என்ன செய்வது? அவர் கண்ணாடிக் குவளையில் ஆடை படிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அன்று அவன் சொன்னதைச் சொல் சொல்லாக நினைவுக்குக் கொண்டுவந்தார். எனக்குக் கேட்கவில்லை என்று அவன் சொல்லவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும் என்றான். செத்த காதை வைத்துக்கொண்டு, செத்தது என்று தெரிந்தே, அதன் மேல் சத்தியம் பண்ணினான். வியாபாரம் கெடக் கூடாது என்று சாந்தமேரியின் மேல் பழியைப் போட்டான்.

கோபத்துக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்துவிட்டது. முன்பைவிடக் கெட்டியான இடம். கிரிகரி ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார்.

அடுத்த சனிக்கிழமை கடை நிறைந்திருந்தது. அய்யாவு காடியோடும் கூட்டாளிகளோடும் வந்திருந்தான். மூர்த்தி கிரிகரியைக் கண்டதும், “வாங்க அண்ணே, போன வாரச் சாமான் மாதிரி இன்னும் இருக்கா?” என்றான்.

“இருக்கு. ஆனா இவருக்குச் சந்தேகம் வந்துச்சே,” என்று கிரிகரி அய்யாவுவைக் காட்டினார். “நீங்க சொவத்தப் பாத்து நில்லுங்க. நாங்க மாத்தி மாத்திப் போடுறோம். எது எதுன்னு நீங்க சொல்லுங்க. தம்பி மனசு நெறைஞ்சு வாங்கட்டும்.”

மூர்த்தியின் சிரிப்பு ஒரு கணம் வாயில் தங்கியது. “அதெல்லாம் எதுக்கு லா.”

“போங்க boss, கிள்ளான் காது, பயமா உங்களுக்கு?” என்றான் ஒரு கூட்டாளி. மற்றவர்கள் சிரித்தார்கள். மூர்த்தியும் சிரித்துக்கொண்டே சுவரைப் பார்த்துத் திரும்பினான். வேறு வழி இருக்கவில்லை. திரும்பியதும் முகங்கள் அவன் கண்ணிலிருந்து போய்விட்டன.

கிரிகரி பலகைக்குப் பின்னால் கைவிட்டு எல்லா ட்வீட்டரின் கம்பியையும் சேர்த்துப் பிடுங்கினார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. போர்வைக்குள் குரலும் மத்தளமும். அய்யாவுவின் வாய் திறந்தது. கிரிகரி உதட்டில் விரல் வைத்தார். வெறுமனே ஒரு சுவிட்சைத் தட்டினார். “இது?”

“இது கண்ணாடி. கொஞ்சம் கூரு ஜாஸ்தி.”

இன்னொன்றைத் தட்டினார். “இது?”

“ஆ. இதுதான் பட்டு,” என்றான் மூர்த்தி சுவரிடம். “சலங்கை ஒவ்வொன்னும் தனித்தனியா விழுது.”

யாரோ ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அந்த மௌனம் மூர்த்திக்கு எப்படியோ உறைத்தது. திரும்பினான். கிரிகரியின் கைப்பிடியில் கம்பிகள் கொத்தாகத் தொங்கின.

“யார் நீங்க?” என்றான்.

“சாந்தமேரியோட புருஷன்.”

“யாரு சாந்தமேரி?”

உண்மையாகவே தெரியாமல் கேட்டான். அதுவரை கிரிகரியின் மனத்தில் ஓர் ஓரமாக இரக்கம் மாதிரி ஏதோ ஒன்று இருந்திருக்கலாம். அந்தக் கேள்வியோடு அது முடிந்தது.

“சைக்கிள்ல வந்தவங்க. நீங்க இடிச்சவங்க.”

மூர்த்தி பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தான். பாட்டை யாரோ நிறுத்தினார்கள். “அப்பவே கேக்காது அண்ணே,” என்றான் மெதுவாக. “டாக்டர் சொல்லியிருந்தாரு. வெளிய சொன்னா கடை போயிரும்னுதான். அவங்க மணி அடிச்சிருக்கலாம்.”

“அடிச்சிருக்கலாமா?”

மூர்த்தி தரையைப் பார்த்தான். “அடிச்சாங்க. அந்த அம்மா சொன்னது நெசந்தான். வாங்க, போலீஸ்ல எழுதிக் குடுக்குறேன்.”

“அது எப்படியும் குடுப்பீங்க. ஆனா அங்க ஒரு தடவைதான் சொல்லுவீங்க,” என்றார் கிரிகரி. “இங்க சொல்லுங்க. ட்வீட்டர் கேட்டு வர்ற ஒவ்வொரு ஆள்கிட்டயும் சொல்லுங்க. நான் சனிக்கிழமை சனிக்கிழமை வந்து உக்காந்திருப்பேன்.”

“பொழைப்பு போயிரும் அண்ணே. பிள்ளைங்க படிக்குது.”

“தெரியும்,” என்றார் கிரிகரி. தெரிந்துதான் சொன்னார். வீடு திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிள்ளைங்க படிக்குது என்று அவன் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். அது அவரைச் சுடவில்லை. இனித்தது. இனிக்கிறதே என்று கொஞ்சம் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சொன்னபடியே வந்து வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கூட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. வந்தவர்களில் சிலர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். விஷயம் தெரியாத ஒருவர் மட்டும், ஆபீஸ் சட்டையோடு, பெட்டாலிங் ஜெயாவிலிருந்து இரண்டு ஜோடிகளைக் கொண்டு வந்திருந்தார்.

“எது நல்லதுன்னு நீங்கதான் boss சொல்லணும். உங்களப் பத்தி நெறைய கேள்விப்பட்டிருக்கேன்.”

மூர்த்தி அவற்றை வாங்கிப் பலகையில் மாட்டினான். சுவிட்சின் மேல் விரலை வைத்தான், தட்டவில்லை. ஒரு தடவை கிரிகரியைப் பார்த்தான். கிரிகரி காலை மடக்கி வசதியாக உட்கார்ந்தார்.

“நீங்களே கேட்டுப் பாத்துக்குங்க சார். எனக்கு ஹை கேக்காது.”

வந்தவர் சிரித்தார், விளையாட்டென்று நினைத்து. பிறகு சிரிப்பை நிறுத்தினார். “எப்ப இருந்து?”

“ரொம்ப வருஷமா. ஒரு அம்மாவ காடியில இடிச்சிட்டேன். அதுக்கு முன்னாலயே.” மூர்த்தி குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அவங்க மணி அடிச்சாங்க. எனக்குத்தான் கேக்கல.”

வாசலில் நின்றவர்கள் உள்ளே தலையை நீட்டினார்கள்.

“பின்னால நிக்கிறவங்களுக்குச் சரியா வெளங்கல,” என்றார் கிரிகரி, நாற்காலியில் இருந்தபடியே. “கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”