உறுதிமொழி முடியும் வரை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு வயர் கட்டு செய்து அனுப்பும் கம்பெனி அது. தினமும் காலையில் வாசலில் செக்யூரிட்டி பாக்கியநாதன் ஒரு பிளாஸ்டிக் தட்டை நீட்டுவார். பெண்கள் செல்போனை அதில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். விக்டோரியா மட்டும் செல்போனோடு இன்னொன்றையும் கழற்றிப் போட வேண்டும். அவள் வலது காதுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை அளவில் உட்கார்ந்திருக்கும் கருவி.

"எனுக்கு மட்டும் ஆசையாம்மா? சுப்பராயன் சார் ஆர்டரு. காதுல எதையும் மாட்டிக்கினு உள்ள போவக் கூடாதாம்" என்பார் பாக்கியநாதன். தட்டில் பத்திருபது செல்போன்கள் அதன் மேல் விழும்.

அது காது கேட்காதவர்கள் போடும் கருவி இல்லை. விக்டோரியாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். பேச்சுதான் திக்கும். அவள் பேசுவதையே வாங்கி, இமைப்பொழுது தாமதித்து, குரலைக் கொஞ்சம் மாற்றி, அவள் காதிலேயே திருப்பிச் சொல்லும் கருவி அது. பக்கத்தில் இன்னொருத்தி நின்று கூடவே பேசுவது போல இருக்கும். சென்னையில் பேச்சுப் பயிற்சி தருகிற டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்: "திக்குறவங்க நாலு பேரோட சேர்ந்து ஒண்ணா சொன்னா திக்காதும்மா. தனியா பேசினாதான் திக்கும். அந்தக் கூட வர்ற குரலைத்தான் இது உண்டாக்குது. எல்லாருக்கும் பலிக்காது. பலிச்சாலும் முழுசா பலிக்காது." விக்டோரியாவுக்கு முக்கால்வாசி பலித்தது. பொன்னேரியிலிருந்து வருகிற ரயிலில் அவளும் சுமலதாவும் பேசிக்கொண்டு வருவதைக் கேட்டால், எதிரில் இருப்பவர் எழுந்து வேறு இடம் பார்ப்பார். அத்தனை பேச்சு.

கம்பெனி வாசலோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். உள்ளே மாலை வரை அவள் தலையாட்டுவாள், கையைக் காட்டுவாள், அவசரமென்றால் ஆளின் தோளைத் தட்டுவாள். இத்தனைக்கும் மெஷின் சத்தத்தில் அந்தக் கருவி வேலைக்கே ஆகாது. இரைச்சலையும் சேர்த்துக் காதில் கொட்டும். மெஷின் ஓடும்போது போடுகிறேன் என்று அவள் கேட்கவும் இல்லை. ஷிப்ட் தொடங்கும் முன் நடக்கிற கூட்டத்தில், ஆள் மாறும்போது வேலையை ஒப்படைக்கிற நேரத்தில், அதிகாரிகளிடம் பேச வேண்டி வந்தால், அப்போது மட்டும்தான் வேண்டும் என்று எழுதிக் கேட்டாள். மருத்துவச் சான்றிதழையும் காட்டினாள். சுப்பராயன் மறுத்துவிட்டார்; அதில் புளூடூத் இருக்கிறதாம், கம்பெனி ரகசியம் வெளியே போய்விடுமாம். வயர் முனையில் கிளிப் அடிக்கிற வேலையில் அப்படி என்ன ரகசியமோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

அவர்கள் வரிசையாக நின்று வேலை பார்க்கும் லைனின் லீடர் ஜோதிலட்சுமி பிரசவத்துக்காக வேலையை விட்டு நிற்கப் போகிறாள் என்றதும், அடுத்த லீடர் யார் என்பதில் லைனில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அங்கே நிற்கும் பாதிப் பேருக்குக் கை பிடித்துத் தொழில் கற்றுக்கொடுத்தவள் விக்டோரியா. லீடரானால் காண்ட்ராக்ட்டிலிருந்து எடுத்து நிரந்தரமாக்குவார்கள். ஒவ்வொரு வருடமும் "அடுத்த மாசம் இருப்போமா" என்று கேட்டுக்கொண்டே வேலை பார்த்தவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆசைப்பட்டாள். மனதார ஆசைப்பட்டாள்.

அதைக் கேட்கத்தான் மனிதவள அதிகாரி சுப்பராயனின் அறைக்குப் போனாள். கருவி வாசல் தட்டில் கிடந்தது. வெறும் வாயோடுதான் போக முடிந்தது.

"சார், எனக்கு ல... ல... ல..."

"லீவா? இப்ப டிஸ்பேட்ச் டைம்மா. லீவெல்லாம் கிடையாது."

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். "ல... ல..."

"லோனா?"

அடுத்தவர் வாக்கியத்தை முடித்துவைப்பதில் சிலருக்கு ஒரு தனி சுகம். அவர்கள் முடிக்கிற வாக்கியம் ஒருநாளும் நாம் தொடங்கிய வாக்கியமாக இருக்காது. விக்டோரியா மேசைமேல் விரலால் ஒரு தட்டுத் தட்டி, அந்தத் தட்டலோடு சேர்த்து "லைன் லீடர்" என்று தள்ளிவிட்டாள்.

சுப்பராயன் நாற்காலியில் சாய்ந்தார். அவர் காதில் வெள்ளையாக ஒரு புளூடூத் மின்னிக்கொண்டிருந்தது.

"நானே உன்னப் பத்தி யோசிச்சேம்மா. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. தினம் காலையில பாதுகாப்பு உறுதிமொழி எடுக்கறோம் இல்ல? உன்னை நான் கவனிச்சிருக்கேன். எல்லாரோடவும் சேர்ந்து கணீர்னு சொல்ற. ஒரு இடத்துலயும் திக்கறதில்ல. ஆனா என் ரூமுக்கு வந்தா மட்டும் திக்குது. மெஷினக் காதுல மாட்ட விடலைன்னு வேணும்னே பண்றியோ?"

விக்டோரியாவுக்குக் காது மடல் சுட்டது. திக்குவாய் என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். நடிக்கிறாய் என்று மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை. கூடச் சேர்ந்து சொன்னால் திக்காது சார், அதனால்தான் அந்தக் கருவி என்று சொல்ல வேண்டும். மிகச் சின்ன பதில். "கூ... கூ..." என்பதோடு அது தொண்டையில் நின்றது.

"சரி, விடு. நாளைக்கு உறுதிமொழிய நீயே முன்னாடி நின்னு தனியா சொல்லு. தினம் சொல்றதுதானே? மெஷின் கிஷின் வேண்டாம். சொல்லிட்டன்னா உனக்கு அந்த மெஷினே தேவையில்லைன்னு ஆகும். அந்தப் பேச்சை அதோட விட்டுடலாம். சொல்ல முடியலன்னா லீடர் வேலை உனக்குச் சரிப்படாது. நியாயம்தானே?"

என்ன நியாயம்! முடிந்தால் கருவி கிடையாது, முடியாவிட்டால் வேலை கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் அடி வாங்குவது அவள்தான். அடிக்கிறவர் முகத்திலோ பெரிய உபகாரம் செய்துவிட்ட களை.

மாலை ரயிலில் கருவியைக் காதில் மாட்டியதும் அத்தனையையும் கொட்டினாள். சுமலதா கேட்டுக்கொண்டே பல்லைக் கடித்தாள்.

"அந்தாளு காதுல மாட்டிக்கினுகீறது மட்டும் இன்னாவாம்? கம்மலா? இன்னா பேஜாரு புடிச்ச ஆளுக்கா! நாளைக்கு லீவு போட்டுடு."

"லீவு போட்டா நடிச்சேன்னுதான் சொல்லுவான்."

"அப்போ நான் பக்கத்துல நின்னு மெதுவா கூடவே சொல்றேன். உனுக்கு வந்துடும்ல?"

"வந்துடும். அதான் வேணாம்" என்றாள் விக்டோரியா. "நீ கூடச் சொன்னா கடகடன்னு சொல்லிடுவேன். பாத்தியா, நல்லாத்தான் பேசறான்னு கைதட்டிட்டுப் போயிடுவான். நான் எப்படிப் பேசறேனோ அப்படியே அவன் கேக்கட்டும், முழுசா."

வீட்டில் அப்பா எட்வர்ட்டும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். "கோயில்ல ஜெபத்தப்போ விசுவாசப் பிரமாணம் தடங்கல் இல்லாம சொல்றியேம்மா, அந்த மாதிரி நெனச்சிக்கினு சொல்லு." கோயிலில் என்னோடு சேர்ந்து முந்நூறு பேர் சொல்கிறார்கள் அப்பா என்று சொல்லி அலுத்துப்போயிருந்தது அவளுக்கு. சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். கோபம் இருந்தால் தூக்கம் வராது என்பார்கள். அவளுக்கு நன்றாக வந்தது.

கம்பெனியில் உறுதிமொழி எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. வழக்கமாக எல்லோரும் வலது கையை முன்னால் நீட்டி, ஐந்து வரிகளையும் ஒரே குரலில் சொல்வார்கள். புது லீடரைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் அவர் தனியாக ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். முடிகிற வரை கை இறங்கக் கூடாது. சுவரில் சிவப்பு எழுத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை: உறுதிமொழி முடியாமல் எந்த இயந்திரமும் இயங்கக் கூடாது. ஒருநாள் அவசரத்தில் உறுதிமொழியை விட்டுவிட்டு மெஷினை ஓட்டி, ஒரு பெண்ணின் விரல் நுனி போனது. அதற்குப் பிறகு சுப்பராயன்தான் அந்தப் பலகையை எழுதிவைத்து, கீழே தன் பெயரையும் போட்டுக்கொண்டார். வருகிறவர் போகிறவரை எல்லாம் அதன் முன்னால் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்.

மறுநாள் காலையில் விக்டோரியா அந்தப் பலகையின் கீழே நின்றாள். எதிரில் மொத்த லைனும் கையை நீட்டியிருந்தது. ஓரத்தில் சுப்பராயனும் நீட்டியிருந்தார். விதி எல்லோருக்கும் விதிதானே.

"இ..."

முதல் சொல் 'இன்று'. அது அவளுக்குத் தெரியாத சொல்லா? தொண்டைவரை வந்து நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது, கண் தானாக மூடிக்கொண்டது. "இ... இ... இன்று என் வே... வே... வேலையை..."

முதல் வரி முடிவதற்குள் வழக்கமான உறுதிமொழி இரண்டு முறை முடிந்திருக்கும். லைன் அந்த வரியைத் திருப்பிச் சொன்னது. பழக்கத்தில் விக்டோரியாவின் வாயும் கூடவே அசைந்தது; அவர்களோடு சேர்ந்து சொல்லும்போது ஒரு இடத்திலும் திக்கவில்லை. சுப்பராயன் அதைப் பார்த்தார். பார்த்தும் அவருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை.

இரண்டாவது வரி இன்னும் மோசம். 'இயந்திரம்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டாள். முன்வரிசையில் சுமலதாவின் உதடு தன்னையறியாமல் அசையத் தொடங்கியது. விக்டோரியா அவளைப் பார்த்து வேண்டாமென்று தலையை ஒரு முறை ஆட்டினாள். சுமலதா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவமானமாக இருக்கும் என்றுதான் விக்டோரியா நினைத்திருந்தாள். இருந்தது, முதல் வரியில். இரண்டாவது வரியில் அது கோபமாகிவிட்டது. இத்தனை வருடம் அடுத்தவர் நேரத்தை வீணாக்குகிறோமே என்று பயந்து பயந்து பேச்சைச் சுருக்கியவள் அவள். டீயா காபியா என்றால், காபி சொல்ல வராது என்பதற்காக டீயே குடித்தவள். இன்று அவர்களே கேட்டார்கள். நன்றாகக் கேட்கட்டும்.

சுப்பராயனின் செல்போன் அடித்தது. நீட்டிய கையை இறக்காமல் மறு கையால் எடுத்தார். லாரி வந்து நிற்கிறதாம், லைன் ஏன் இன்னும் ஓடவில்லையாம். "இதோ சார், இதோ சார்" என்றார். மூன்றாவது வரி பாதியில் இருந்தபோது நீட்டிய கையின் தோள் அவருக்கு வலிக்கத் தொடங்கியிருந்தது.

"போதும்மா, போதும். புரிஞ்சுது. மெஷினைப் போடுங்கம்மா."

ஒருத்தியும் அசையவில்லை. நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன.

"உறுதிமொழி முடியலையே சார்" என்றாள் சுமலதா. "போர்டுல போட்டுக்கீதே. கீழ உங்க பேருகூட கீது."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சுப்பராயன் பலகையைப் பார்த்தார். அதில் பெயர் இருக்கத்தான் இருந்தது. செல்போன் மறுபடி அடித்தது.

"அப்ப யாராவது வேற ஆளு சொல்லுங்கம்மா."

"லீடர் டெஸ்ட்டுனு நீங்கதான சார் சொன்னீங்க? பாதியில எப்படி மாத்துறது?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

விக்டோரியா யாரையும் பார்க்கவில்லை. மூன்றாவது வரியை இழுத்து இழுத்து முடித்தாள். லைன் திருப்பிச் சொன்னது. சுப்பராயன் வாசலுக்குப் போன் போட்டுக் கத்தினார்.

பாக்கியநாதன் ஓடி வந்தார். அந்த வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. உள்ளங்கையில் கருவியை வைத்து, கோயிலில் நற்கருணை அப்பம் கொண்டுவருவது போல் கொண்டுவந்து நீட்டினார்.

"போட்டுக்கோம்மா. போட்டுக்கிட்டுச் சீக்கிரம் சொல்லி முடி" என்றார் சுப்பராயன்.

விக்டோரியா அதை வாங்கினாள். காதில் மாட்டவில்லை. இடது கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"இ... இ... இப்ப வே... வேணாம் சார். இ... இன்னும் ரெ... ரெண்டு வரி. இ... இல்லாம சொல்லுன்னு நீ... நீ... நீங்கதான் சொ... சொன்னீங்க."

வாழ்க்கையில் ஓர் அதிகாரியிடம் அவள் முழுதாகப் பேசிய முதல் பேச்சு அது. யாரும் நடுவில் புகுந்து முடித்துவைக்கவில்லை.

நான்காவது வரி, பக்கத்தில் நிற்பவரின் பாதுகாப்புக்கும் நானே பொறுப்பு. லைன் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னது, வழக்கத்தைவிடச் சத்தமாக. கடைசி வரி, ஆபத்தைக் கண்டால் உடனே குரல் கொடுப்பேன். இந்த வரியைத்தான் அவள் தினமும் சொல்லிவந்தாள், குரலை வாசலில் கழற்றிக் கொடுத்துவிட்டு. 'உடனே'யில் நின்றது. நின்றது என்றால், அப்படி ஒரு நிற்றல். வெளியே லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். சுப்பராயனின் முகத்தில் வேர்வை வழிந்தது; துடைக்கக் கை இல்லை. ஒன்றில் செல்போன், இன்னொன்று உறுதிமொழியில்.

"உ... உ... உ... உடனே கு... குரல் கொ... கொடுப்பேன்."

லைன் திருப்பிச் சொன்னது. சுப்பராயனும் சொன்னார்.

கைகள் இறங்கின. விக்டோரியா நிதானமாகக் கருவியைக் காதுக்குப் பின்னால் மாட்டி, அது பொருந்தியதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நாளைக்கும் நான்தான் உறுதிமொழி சொல்லணுமா சார்? இது இருந்தா சீக்கிரம் முடியும். இல்லேன்னா இன்னிக்கு மாதிரிதான். எப்படிச் சொல்லணும்னு நீங்களே சொல்லிடுங்க."

சுப்பராயன் வலித்த தோளைத் தேய்த்துக்கொண்டே லைனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அடித்துக்கொண்டிருந்த செல்போனைப் பார்த்தார்.

"பாக்கியநாதன், இனிமே இந்தம்மாகிட்ட அதை வாங்காதய்யா" என்றார். பிறகு விக்டோரியாவின் முகத்தைப் பார்க்காமலே, "லைனை ஓட்டும்மா" என்றார்.

மெஷினை ஓட்டச் சொல்லிக் குரல் கொடுப்பது லைன் லீடரின் வேலை. விக்டோரியா குரல் கொடுத்தாள்.