வெண்கலத்துக்குக் கீழே

மார்ச் பிறந்தால் இமெல்டாவுக்கு இரண்டு வேலை. ஒன்று சம்பளத்துக்குச் செய்வது. பல்கலைக்கழக விளையாட்டரங்கின் நிலவறையில் இருந்த களஞ்சியத்தில் வீரர்களின் சட்டைகளைத் துவைத்து, மடித்து, எண் பார்த்துக் கொடுக்க வேண்டும். மற்றது மேல்மாடியிலிருந்து இலவசமாக வந்து இறங்குவது. நன்கொடையாளர் கழகத்தின் ஆண்டுக் கூட்ட அழைப்பை முந்நூறு உறைகளுக்குள் இட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஒன்பது வருடங்களாக ஒட்டிக் கொடுத்தாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு பார்த்தாள். ஒரு தாள் கிழிந்துபோனதால் அதை மாற்றப் போனவள், நின்ற இடத்திலேயே வாசித்தாள். பெண்கள் ஹாக்கி அணிக்கு நன்கொடையாளர் ஆதரவு இல்லை என்பதால் அந்த அணியை இந்த ஆண்டோடு கலைத்துவிட்டு, கழகம் திரட்டும் முழுத் தொகையையும் ஃபுட்போல் அணிக்குக் கொடுப்பதென்று தீர்மானம். முட்டை வடிவப் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுகிறார்களே, அந்த ஃபுட்போல். அவர்களுக்கு ஏற்கெனவே தலைக்கவசம் மட்டும் இரண்டு அறை நிறைய இருந்தது.

ஹாக்கி என்றால் பனிக்கட்டியில் விளையாடுவதல்ல. புல்தரையில் வளைந்த மட்டையால் ஆடுவது. மட்டக்களப்பில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள் இமெல்டா. மொன்றியலுக்கு வந்தபின் அந்தப் படிப்பை யாரும் மதிக்கவில்லை. சலவை இயந்திரம்தான் கிடைத்தது. ஆனாலும் ஹாக்கிப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் ஏதாவது சுளுக்கென்றால் மருத்துவரிடம் போகுமுன் அவளிடம்தான் வருவார்கள். கோல் காக்கும் தனுஷிகா தமிழ்ப் பிள்ளை. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு.

அவள்தான் அன்று மாலை முதலில் வந்தாள். இமெல்டா தாளைக் காட்டினாள்.

"எங்களிட்ட ஒரு சொல்லும் கேக்கேல்லையே, அன்ரி," என்றாள் தனுஷிகா. அழவில்லை. முகம் மட்டும் இறுகிப்போயிற்று.

"கேக்க மாட்டாங்க மனே. நாமதான் கேக்கணும்."

கழக நிருவாகத்தில் ஒரேயொரு தமிழர் இருந்தார். பொறியியல் பேராசிரியர் ரவிசங்கர். இருபத்தைந்து வருடத்துக்கு முன் சென்னையிலிருந்து வந்தவர், தங்க உறுப்பினர். களஞ்சியப் பக்கம் வந்தால் "எப்படி இருக்கீங்க இமெல்டா?" என்று நின்று கேட்பவர். அந்த நம்பிக்கையில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, புதிதாக ஓடத் தொடங்கியிருந்த மின்ரயிலில் ஏறி ரொக்ஸ்பரோ நிலையத்தில் இறங்கினாள். அங்கிருந்து பியர்ஃபொன் புறநகரில் இருந்த அவர் வீட்டுக்கு முக்கால் மணி நேரம் உருகிய பனிச்சேற்றில் நடை. பஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் இருக்கிறதென்றுதான் பேர்.

ரவிசங்கர் அன்பாகத்தான் உட்காரச் சொன்னார். அவர் மனைவி அலமு காபி கொண்டுவந்தாள். தாளைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது உங்க கைக்கு எப்படி வந்தது?"

"உறைக்குள்ள போட்டது நான்தானே, சேர்."

"இமெல்டா, நான் எதிர்த்துப் பேசலைன்னு நினைக்காதீங்க. ஆனா ஒரு அணி இருக்கணும்னா அதுக்குப் பின்னால நாலு பேர் நிக்கணும். யார் நிக்கறா? நம்மவங்க கோயிலுக்குக் குடுப்பாங்க, கல்யாணத்துக்குக் குடுப்பாங்க. ஒரு யுனிவர்சிட்டிக்கு, அதுவும் விளையாட்டுக்கு, ஒத்தை டாலர் குடுப்பாங்களா? உங்க ஆளுங்க ஒருத்தர் பேரு அந்த லிஸ்ட்ல இருக்கா? கமிட்டில இதைக் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

இமெல்டா காபியைக் கீழே வைத்தாள். பொய்யென்றால் சண்டை பிடிக்கலாம். அவர் சொன்னது பொய்யில்லை.

"யாரும் எங்கள்ட்ட கேட்டாங்களா, சேர்?" என்றாள்.

"கேட்டு வர்றதா இது? நீங்க நல்ல வேலையில இருக்கீங்க. அதைப் பாத்துக்கோங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அலமு வாசல்வரை வந்து, இமெல்டாவின் ஈரச் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்டேஷன்ல விடறேன், வாங்க," என்று கார்ச் சாவியை எடுத்தாள். வழியில் ஒரேயொரு கேள்வி கேட்டாள். "அந்தப் பொண்ணுங்க நன்னா ஆடுவாளா?"

"சுமாரா ஆடுவாங்க. ஆனா விட மாட்டாங்க."

ரயிலில் இமெல்டா உறையிலிருந்த மற்றத் தாளையும் எடுத்தாள். உறுப்பினர் படிவம். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பெரிய எழுத்துக்கள். வெண்கலத்துக்குக் கீழே, எறும்பு ஊர்ந்தது போல் ஒரு வரி: இருபத்தைந்து டாலர் கொடுப்பவர் 'நண்பர்'. நண்பருக்கும் கூட்டத்தில் ஒரு வாக்கு. அதற்கும் கீழே ஒரு புள்ளிக்கோடு: நன்கொடை எந்த அணிக்கு என்று எழுதலாம். நான்கு மாதத்துக்கு முன்தான் கனடாவிலிருந்து கியூபெக் பிரிவதா வேண்டாமா என்று மாகாணமே வாக்களித்து, ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் பிரியாமல் நின்றது. வாக்கு என்றால் என்னவென்று மொன்றியலில் அப்போது யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மறுநாள் படிவத்தை நூறு பிரதி எடுத்தாள். அலுவலகப் பொறியில் அல்ல, தெருமுனை டெப்பனர் கடையில், சொந்தக் காசில். பிறகு வேலை முடிந்த ஒவ்வொரு மாலையும் நடந்தாள்.

முதலில் பிடித்தது ஊர்த்தோழி மீனாம்பிகையை. அவள் ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைக் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்ப்பவள்.

"இதென்ன கா, ஐஸில வழுக்கி விழுற விளையாட்டுக்கா நான் காசு குடுக்கணும்?"

"ஐஸில இல்ல, புல்லில."

"புல்லிலயும் விழுவாங்கதானே?"

"விழுந்து எழும்புவாங்க. கையெழுத்தை வை."

மீனாம்பிகை வைத்தாள். பிறகு தான் பார்க்கும் பிள்ளைகளின் தாய்மாரிடம் எட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். கோயில் மண்டபத்தில் சிலர், தேவாலயத்தில் சிலர். "எங்கட பிள்ளையள் அங்க படிக்கேல்லையே," என்று மறுத்தவர்களும் உண்டு. "படிக்கப் போறாங்கதானே, அதுவரை அந்த அணி இருக்கட்டும்," என்பாள்.

கடினமான ஆள் தனுஷிகாவின் தகப்பன் தங்கராசா. திருகோணமலைக்காரர். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குபவர். மகள் மட்டை பிடிப்பது அவருக்குப் பிடிக்காது. இமெல்டா போனபோது உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் நின்றார்.

"உது நிண்டா எனக்குச் சந்தோசம், ரீச்சர். அவள் படிக்கத்தான் போனவள். பல்லு உடைஞ்சா ஆர் கட்டுறது?"

"சரி. பிடிக்காட்டி விடுங்க." இமெல்டா படிவத்தை மடித்தாள். ஆனால் வாய் நிற்கவில்லை. "பேராசிரியர் ஒருவர் சொன்னார், எங்கட ஆக்கள் ஒருத்தரும் ஒரு டாலரும் குடுக்க மாட்டாங்களாம். அவர் சொன்னது சரியெண்டு போய்ச் சொல்றன்."

தங்கராசா தோளில் இருந்த மூட்டையை இறக்கினார்.

"ஆர் சொன்னது?"

சொன்னாள்.

"அப்பிடியே சொன்னவர்? இஞ்ச தாரும் உதை." கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினார். "விளையாட்டுக்கு நான் குடுக்கேல்லை, விளங்குதோ? அந்தக் கதைக்குக் குடுக்கிறன்." பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டுவிட்டு, பக்கத்துக் கடைகளைப் பார்த்துக் குரல் கொடுத்தார். பெட்டி இறக்கும் பதினான்கு பேர் வரிசையில் வந்தார்கள். அதில் இரண்டு பேர் போர்த்துக்கேயர். எதற்கென்று தெரியாமலே வந்தார்கள்.

இமெல்டாவையும் சேர்த்து எல்லாமாக அறுபத்தொரு பேர். எல்லாப் படிவத்திலும் புள்ளிக்கோட்டின் மேல் இமெல்டாவின் எழுத்தில் ஒரே பதில்: பெண்கள் ஹாக்கி. பணமும் படிவமும் மேல்மாடிக்குப் போயின. கழகக் காரியதரிசி பெயர்களை உச்சரிக்க முடியாமல் ஒரு வாரம் திண்டாடி, எல்லோருக்கும் ரசீது அனுப்பினாள்.

கூட்டம் மார்ச் கடைசிச் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு. வழமையாக நாற்பது பேர் வருவார்கள். அன்று மெட்ரோவிலிருந்து குளிரங்கிகளோடு ஏறிவந்த கூட்டத்தைப் பார்த்து, காவலாளி கலியாண மண்டபம் பக்கத்துத் தெருவில் என்று வழி காட்டினான். "இல்லை, இஞ்சதான்," என்று தங்கராசா தமிழிலேயே சொல்லிவிட்டு உள்ளே போனார். கதிரை போதவில்லை. சுவரோரமாக நின்றார்கள்.

கழகத் தலைவர் ஓய்வுபெற்ற காப்புறுதிக்காரர், நல்ல உயரம். கூட்டத்தைப் பார்த்தார், ரவிசங்கரைப் பார்த்தார். இருவரும் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பிறகு ரவிசங்கர் எழுந்து, யாருடைய முகத்தையும் பார்க்காமல் வாசித்தார்: கூட்டத்துக்கு முந்திய முப்பது நாளுக்குள் சேர்ந்தவர்களுக்கு வாக்கு இல்லை.

அறுபத்தொரு பேரும் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

இமெல்டா கையிலிருந்த படிவத்தை இரு பக்கமும் புரட்டினாள். அந்த விதி படிவத்தில் எங்கேயும் இல்லை. தனுஷிகா அவள் கையைப் பிடித்தாள். பின்னால் மீனாம்பிகை, "என்னவாம் கா? என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தலைவர் கனிவாகச் சிரித்தார். "இத்தனை பேர் வந்தது எங்களுக்குப் பெருமை. ஏமாற்றம் அடைந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவோம்."

அந்தச் சிரிப்புத்தான் இமெல்டாவை எழுப்பியது. பள்ளிக்கூட மைதானத்தில் முந்நூறு பிள்ளைகளைக் விசில் இல்லாமல் வரிசையில் நிறுத்திய குரல் அவளுடையது. ஒன்பது வருடமாகக் களஞ்சியத்தில் யாரும் கேட்டிராத குரல். ஆங்கிலத்தில் இலக்கணம் இடறியது, குரல் இடறவில்லை.

"வேண்டாம். ஒருவரும் திருப்பி வாங்க மாட்டோம். வாக்கு இல்லையென்றால் இல்லை. ஆனால் இந்தப் படிவத்தில் எந்த அணிக்கு என்று எழுதச் சொன்னது நீங்கள். நாங்கள் எழுதினோம். நீங்கள் ரசீது தந்தீர்கள். இப்போது அந்தப் பணம் ஹாக்கியின் பணம். அதை ஃபுட்போலுக்குச் செலவழிக்க முடியுமா? சொல்லுங்கள், உட்காருகிறேன்."

தலைவர் காரியதரிசியைப் பார்த்தார். காரியதரிசி ஏதோ குனிந்து சொன்னாள். அவர் முகம் சிவந்தது. முடியாது.

முன்வரிசையில் இன்னொருத்தி எழுந்தாள். அலமு. பட்டுச்சேலைக்கு மேல் தடித்த கம்பளி அங்கி.

"எங்க தங்க உறுப்பினர் சீட்டுல என் பேரும் இருக்கு," என்றாள், ஆங்கிலத்தில், மிக நிதானமாக. "பன்னிரண்டு வருஷமா இருக்கு. அதுக்கு வாக்கு ஒண்ணா, ரெண்டா?"

மறுபடி புத்தகம் புரண்டது. இரண்டு.

"அப்போ என் வாக்கு தீர்மானத்துக்கு எதிர். இந்த வருஷத் தொகையில என் பாதியும் ஹாக்கிக்கு."

ரவிசங்கர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல் உட்கார்ந்து அங்கியைச் சரிசெய்தாள்.

தீர்மானம் நிறைவேறியது. இருபத்தாறுக்குப் பதினேழு. பதினேழு என்பதே அங்கே யாரும் எதிர்பாராதது. ரவிசங்கர் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. ஆனால் வேறு அணிக்கு அசைக்க முடியாத பணம் ஒன்று மேசையில் கிடந்ததே! விளையாட்டுத் துறை இயக்குநர் எழுந்து, கழக ஆதரவு இல்லாமல் சொந்த நன்கொடையாளர்களை வைத்து ஒரு வருடம் ஓட்டுவதானால் ஓட்டட்டும் என்றார். பஸ் கிடையாது, சீருடை கிடையாது, மைதானம் காலை ஆறு மணிக்கு. முடியாதென்று சொல்வார்கள் என்று நினைத்திருப்பார்.

"எடுக்கிறோம்," என்றாள் இமெல்டா. பிறகுதான் திரும்பிப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார். ஊழியர் ஒருவர் நன்கொடையாளர் கூட்டத்தில் பேசுவது அழகில்லை என்றார்.

"நான் ஊழியராகப் பேசவில்லை. நண்பராகப் பேசினேன். இருபத்தைந்து டாலர் ரசீது இருக்கிறது," என்றாள். அந்த வருடத்துக்குப் பின் உறை ஒட்டும் வேலை அவளுக்கு வரவில்லை.

செப்டம்பரில் ஆட்டம் தொடங்கியது. பிள்ளைகள் கடையில் வெறும் வெள்ளைச் சட்டை வாங்கினார்கள். மீனாம்பிகை கறுப்புத் துணியில் எண் வெட்டித் தைத்தாள். ஒன்பதாம் எண் கொஞ்சம் சரிந்திருந்தது. தங்கராசா சந்தைச் சரக்கு வானையும், தெரிந்த இன்னொருவரின் வானையும் ஓட்டிவர ஒழுங்கு செய்தார். ஒட்டாவாவுக்குப் போனபோது பிள்ளைகள் வெங்காய வாசத்தோடு இறங்கினார்கள். மூன்றுக்கு ஒன்றாகத் தோற்றார்கள். மொத்தமாக அந்தப் பருவத்தில் எட்டு ஆட்டம், இரண்டு வெற்றி, ஒரு சமநிலை. காலை ஆறு மணி ஆட்டங்களுக்கும் கரையில் நாற்பது பேர் நின்றார்கள். ஃபுட்போலுக்குக்கூட மழையில் அத்தனை பேர் நின்றதில்லை. மகளைத் தலைக்கவசத்துக்குள் அடையாளம் தெரியாமல் முதல் பாதி முழுக்க எதிரணிக் கோல் காப்பவளைப் பார்த்துக் கைதட்டிய தங்கராசா, தெரிந்த பிறகு நடுவரைத் தமிழில் ஏசத் தொடங்கினார். அடக்க இரண்டு பேர் தேவைப்பட்டது.

ஒக்டோபர் கடைசியில் கழகத் தலைவர் தானே மைதானத்துக்கு வந்தார். கூடவே ஒரு புகைப்படக்காரனும், பெட்டி நிறையக் கழகத்தின் நீலச் சட்டைகளும். அடுத்த ஆண்டுப் பிரசுரத்தின் அட்டையில் இந்த அணியைப் போடப்போகிறார்களாம். புதிய சமூகங்கள் கழகத்தை நோக்கி வருவதைக் காட்ட வேண்டுமாம். படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் நீலத்தை உடுத்திவிட்டுத் திருப்பித் தந்தால் போதும்.

பிள்ளைகள் இமெல்டாவைப் பார்த்தார்கள். அவள் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு சட்டையை எடுத்து, துவைப்பவளின் பழக்கத்தில் தையலை விரித்துப் பார்த்தாள். நல்ல துணி. மடித்து உள்ளே வைத்தாள்.

"வெள்ளையோடு நிற்பார்கள்," என்றாள். "இல்லையென்றால் படம் வேண்டாம்."

"எண்கள் சரியாகத் தெரியாதே," என்றான் புகைப்படக்காரன்.

"கிட்ட வந்து எடுங்கள்."

மழை தூறத் தொடங்கியது. தனுஷிகா தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றாள். மற்ற இருபத்தொரு பேரும் இரு பக்கமும் சேர்ந்தார்கள். புகைப்படக்காரன் தலைவரின் முகத்தைப் பார்த்தான். பிறகு சேற்றுக்குள் காலை வைத்து அவர்களை நோக்கி நடந்தான்.