கரண்ட் போன காட்சி

2018 ஜூலை 28, சனிக்கிழமை மாலை, கனடாவின் சாஸ்கட்டூன் நகரில் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த பகுதி முழுவதும் இடிமழையில் மின்சாரம் நின்றது.

அப்போது ரொடிமி அகின்யெலே ஒரு தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில், கதவருகே, பச்சை மேற்சட்டை அணிந்து நின்றுகொண்டிருந்தான். கோடை நாடக விழாவின் தொண்டர்கள் எல்லோருக்கும் அதே பச்சைதான். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியைகள், ஒரு பல் மருத்துவர், கோதுமை நிலத்தை மகனிடம் விட்டுவிட்டு நகரத்துக்கு வந்துவிட்ட ஒரு விவசாயி, ரொடிமி. டிக்கெட்டைக் கிழிப்பது, தாமதமாக வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு தடுப்பது, வாசலில் 'பை' என்கிற பெர்ரிப் பழப் பலகாரத்தை விற்பது ஆகியவை அவர்களுடைய வேலைகள். நைஜீரியாவில், லாகோஸ் நகரில் பதினாறு ஆண்டுகள் மேடைகளுக்கு ஒளியமைத்தவன் அவன். ஆயிரம் பேர் அமரும் அரங்கில் நடுப்பகலை அந்தியாகவும் அந்தியை வெள்ளமாகவும் மாற்றிக் காட்டியவன். இங்கே அவன் விண்ணப்பித்த எல்லா அரங்குகளும் மிக மரியாதையாக ஒரே பதிலைத்தான் சொல்லின. அருமையான அனுபவம், ஆனால் கனடா அனுபவம் இல்லையே. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான். அந்த அனுபவத்துக்காகத்தான் ரொட்டித் தொழிற்சாலை வேலை போக மிச்சமிருந்த நேரத்தை இந்தப் பச்சைச் சட்டைக்குக் கொடுத்திருந்தான்.

கூடத்தின் பின்னால், விளக்குகளை இயக்கும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டாரியா வொஸ்னியுக்கிடம் அவன் முதல் நாளே கேட்டுப் பார்த்திருந்தான். விழாவின் தொழில்நுட்பம் முழுவதும் அவர் கையில். மற்ற மாதங்களில் நகரின் பெரிய அரங்கு ஒன்றுக்கு அவர்தான் மேடைத் தலைமை. அங்கே செப்டம்பரில் ஒளி உதவியாளர் இடம் ஒன்று காலியாகப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு விளக்கையாவது தொட விடுங்க, மிஸ் டாரியா."

"மிஸ்ஸும் வேணாம், கிஸ்ஸும் வேணாம். டாரியான்னு கூப்பிடு. இங்க எல்லாரும் கதவுலேருந்துதான் ஆரம்பிக்கணும். நானும் மூணு வருஷம் பை வித்தவதான்."

அவனால் 'மிஸ்'ஸை விட முடியவில்லை. பதவியிலும் வயதிலும் மூத்தவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மாவின் கை லாகோஸிலிருந்தே நீண்டு வந்து மண்டையில் குட்டும் என்று தோன்றியது. கதவிலேயே நின்றான். விழா நாளையோடு முடிகிறது. திங்கட்கிழமை லாரி ஓட்டும் பள்ளியில் அவனுக்கு முதல் வகுப்பு. விழாவுக்குள் ஒன்றும் அமையாவிட்டால் கால்கரியில் இருக்கும் பெரியப்பா மகனோடு லாரித் தொழிலுக்குப் போய்விடுவது என்று மனைவி மொரெனிக்கேயிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அவளும் அன்று வந்திருந்தாள். முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு நேராக வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, நாடகம் தொடங்குவதற்கு முன்பே தூங்கிவிட்டாள்.

மேடையில் லினெட் ஃபேர் தனியாக நடித்துக்கொண்டிருந்தாள். தன் அப்பாவின் கடைசி அறுவடையைப் பற்றி அவளே எழுதிய நாடகம், அதன் கடைசிக் காட்சி. முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. தலைக்கு மேலே எங்கோ இடி விழுந்தது. மேடை அணைந்தது. கூடத்தின் மூலைகளில் இருந்த அவசர விளக்குகள் மட்டும் எரிந்து, நாற்காலிகளையும் மனிதர்களின் முழங்கால்களையும் காட்டின. மேடை கிணறு மாதிரி இருண்டு கிடந்தது.

"எல்லாரும் அப்படியே உக்காருங்க, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாரியா. ஆனால் மக்கள் சத்தமில்லாமல், ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டபடி, பைகளை எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ரொடிமிக்கு முதலில் விளங்கவில்லை. இவர்கள் ஏன் எழுந்திருக்கிறார்கள்? கரண்ட்தானே போனது? லாகோஸில் கரண்ட் போனதற்காக நாடகத்தை விட்டு எழுந்துபோன ஒருவரைக்கூட அவன் பார்த்ததில்லை.

கால்கள் அவனைக் கேட்காமலே பின்னால் போயின.

"நிறுத்தாதீங்க, மிஸ் டாரியா."

"எமர்ஜென்சி லைட் அரை மணி தாங்கும். அதுவரைக்கும் ஜனங்க உள்ள இருக்கலாம். ஆனா மேடையில வெளிச்சத்துக்கு எங்க போறது?"

"எங்கிட்ட இருக்கு."

அவன் பையில் இரண்டு டார்ச்சும் சார்ஜ் செய்யும் விளக்கு ஒன்றும் எப்போதும் இருக்கும். கனடா வந்து இரண்டு ஆண்டுகளில் வீட்டில் ஒரு முறைகூட மின்சாரம் போனதில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் அவற்றுக்குச் சார்ஜ் போட்டு வைப்பான். "மழையே இல்லாத ஊர்ல குடை பிடிக்கிற மாதிரி இருக்கு" என்று மொரெனிக்கே கேலி செய்வாள்.

டாரியா ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு மேடையை நோக்கி, "லினெட், முடிச்சிடறியா?" என்றார். இருட்டுக்குள்ளிருந்து, "முடிச்சிடறேன்" என்று குரல் வந்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

பை விற்ற மேசையிலிருந்து காலியான அலுமினியத் தட்டுகள் இரண்டை ரொடிமி எடுத்தான். ஒட்டியிருந்த ஊதாச் சாற்றைப் பச்சைச் சட்டையிலேயே துடைத்தான். மேடைக்குக் கீழே மண்டியிட்டு, டார்ச்சை லினெட்டின் மேல் அடிக்காமல் தட்டின் மேல் அடித்தான். தட்டிலிருந்து கிளம்பிய வெளிச்சம் கலங்கி, மெத்தென்று அவள் முகத்தில் போய் உட்கார்ந்தது. விடிவதற்கு முன் வயலில் இருக்கும் வெளிச்சம். யாரோ மூச்சை உள்ளிழுப்பது கேட்டது. சார்ஜ் விளக்கை மேடையில் கிடந்த நாற்காலிக்குப் பின்னால் தள்ளினான். நாற்காலியின் நிழல் பின்சுவரில் ஆள் உயரத்துக்கு எழுந்தது. லினெட் அதைத் திரும்பிப் பார்த்தாள். அதுவரை வெறும் காற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவள், இப்போது அந்த நிழலிடம் "அப்பா" என்றாள்.

ரொடிமிக்கு இரண்டு ஆண்டுகளாக உடம்புக்குள் எங்கோ முடங்கிக் கிடந்தது எழுந்து உட்கார்ந்தது போலிருந்தது. இரண்டாவது டார்ச்சை யார் கையிலோ திணித்தான்.

"மேல" என்றான். "இன்னும் மேல. அங்கதான். நில்லு. ஆட்டாத."

அந்தக் கை ஆடாமல் நின்றது. அது டாரியாவின் கை என்பது அவன் மனதில் ஏறவே இல்லை. அவன் லினெட்டின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் மூச்சு இழுத்தால் நகரப் போகிறாள் என்று அர்த்தம். அவளுக்கு அரை அடி முன்னால் வெளிச்சம் போய்க் காத்திருந்தது.

கடைசியில் அவள் முழங்காலிட்டாள். மேடையில் குவித்திருந்த கோதுமையைக் கை நிறைய அள்ளி விரல்களுக்கிடையே சொரியவிட்டாள். இனி வசனம் கிடையாது. நீண்ட மௌனம், அதோடு நாடகம் முடிகிறது. ரொடிமி டார்ச்சின் வாயை விரல்களால் மெதுவாக மூடிக்கொண்டே வந்தான். வெளிச்சம் சிவந்தது, சுருங்கியது, அவள் உள்ளங்கை அளவுக்கு ஒடுங்கியது. கூடத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

மின்சாரம் வந்தது.

மேடை விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் பளீரென்று எரிந்தன. மூலையில் குளிர்பானப் பெட்டி உறுமியது. ரொடிமி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"அப் நெப்பா!"

தட்டு கீழே விழுந்து உருண்டது. அது நிற்பதற்குள், கடைசி வரிசையில், தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்த ஒரு பெண் குரல் அதைவிடப் பலமாகக் கத்தியது.

"அப் நெப்பா!"

அப் என்றால் 'வாழ்க' என்பது போல; நெப்பா என்பது நைஜீரியா மின்வாரியத்தின் பழைய பெயர். வாரியத்தின் பெயர் மாறி வெகுகாலம் ஆகிறது. கூச்சல் மட்டும் மாறவில்லை. கரண்ட் வந்ததும் தெரு முழுக்க, குழந்தை முதல் கிழவர் வரை, ஒரே குரலில் எழும் கூச்சல் அது. யோசித்துக் கத்துகிறவர் யாரும் இல்லை.

கூடத்தில் அறுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் யாரோ ஒருவர் பொங்கிச் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், பிறகு எழுந்து நின்று கைதட்டினார்கள். எதற்காகத் தட்டுகிறார்கள் என்று ரொடிமிக்குத் தெரியவில்லை. லினெட் கையில் மிச்சக் கோதுமையோடு அப்படியே மண்டியிட்டிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவள் நேராக அவனிடம் வந்தாள்.

"எங்கப்பா செத்துப்போற எடம் அது."

"மன்னிச்சிடுங்க. வாய் தானா..."

"அந்த அமைதியைப் பிடிக்க எத்தனை நாள் பாடுபட்டிருக்கேன் தெரியுமா?" அவள் மூச்சு வாங்கினாள். "சுவர்ல எங்கப்பாவை நிக்க வச்சது யாரு?"

"நான்தான்."

"ரெண்டையும் ஒரே ஆள் செஞ்சா நான் யாரைத் திட்டறது?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் முகம் கழுவப் போனாள்.

டாரியா ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"என்னைப் பாத்து 'நில்லு, ஆட்டாத'ன்னு சொன்ன."

ரொடிமிக்கு அப்போதுதான் உறைத்தது. "அய்யோ. அது நீங்களா?"

"முப்பது வருஷத்துல ஒருத்தரும் என்னை அப்படிச் சொன்னதில்ல. அது போகட்டும். கத்துனியே, அதுதான் பிரச்சினை. காட்சி நடக்கும்போது கத்துற ஆளை நான் எப்படிப்பா உள்ள விடறது? இனிமே கத்த மாட்டேன்னு சொல்லு."

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். "சத்தியம் பண்ண முடியாது, மிஸ் டாரியா. கரண்ட் வந்தா கத்திடுவேன். போகாம நீங்க பாத்துக்கோங்க."

டாரியாவின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. சுருட்டிய ஒயர் கையிலிருந்து நழுவியது. "திங்கக்கிழம காலையில அரங்கத்துக்கு வா. வேலை தர்றேன்னு சொல்லல. பேசலாம்."

"வர்றேன்" என்றான். லாரி வகுப்பும் அதே காலையில்தான் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

காரில் மொரெனிக்கே சீருடையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டே, எப்போதும்போல் பிள்ளையின் பெயரைச் சொல்லி அவனை அழைத்துக் கேட்டாள்: "டோயின் அப்பா, வேலை போச்சா?"

"இன்னும் கிடைக்கவே இல்லியே, எப்படிப் போகும்?"

"நீங்கதான் கத்துனீங்க, சரி. என்னை எதுக்கு மாட்டி விட்டீங்க? எல்லாரும் என்னையே பாக்கறாங்க."

"உன்னை யாரு பதில் கொடுக்கச் சொன்னது?"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அவனும் சிரித்தான். சிவப்பு விளக்கு பச்சையான பிறகும் சிரித்துக்கொண்டிருந்ததில் பின்னால் நின்ற வண்டி ஒருமுறை, மிகவும் பணிவாக, ஹார்ன் அடித்தது.

"திங்கக்கிழம லாரி வகுப்பு?" என்றாள்.

"லாரி எங்க ஓடிடப் போகுது?" என்றான். அதற்குமேல் லாரியைப் பற்றிப் பேசவில்லை. தட்டை எவ்வளவு சாய்த்தால் வெளிச்சம் எங்கே போகிறது என்பதை ஒரு கையால் காட்டிக்கொண்டே வீடு வரை ஓட்டினான்.

செப்டம்பரில் ஒளி உதவியாளர் இடம் டொரொன்டோவிலிருந்து வந்த வேறொருவருக்குப் போனது. ரொடிமிக்கு வாரத்தில் இரண்டு நாள், தேவைப்பட்டால் கூப்பிடும் வேலை கிடைத்தது. ரொட்டித் தொழிற்சாலை வேலையை அவன் விடவில்லை. அரங்கில் முதல் நாள், காலியான இருக்கைகளுக்கு மேலே ஏணியின் உச்சியில் நின்று, தூசி படிந்த விளக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, மேடையின் பக்கம் திருப்பினான். கீழே டாரியா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.